சத்தியத்தில் இறங்கிய கை

எங்கள் அண்ணன் குடிக்கிறார் என்ற பேச்சு ஒரு பிளாஸ்டிக் டப்பாவிலிருந்துதான் ஆரம்பித்தது. வாய் அகன்ற வெள்ளை டப்பா. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே மங்கலாகத் தெரியும். மரச்சாமான் பட்டறையில் பாலீஷுக்குக் கலக்கும் ஸ்பிரிட் அதில்தான் இருக்கும். வாரம் முழுக்க வர வேண்டிய ஸ்பிரிட் பாதி வாரத்திலேயே அடியைத் தொட்டது. அதற்கு ஏற்ற மாதிரி சாமான் முடிந்ததா என்றால் அதுவும் இல்லை. முதலாளி ஒரு நாள் டப்பாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கோட்டை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நான் அதே பட்டறையில் உப்புத்தாள் தேய்க்கிறவள். மரத்தை நான் வழவழப்பாக்கிக் கொடுத்தால், அண்ணன் அதன்மேல் பாலீஷ் ஏற்றுவார். அவருக்கு அங்கே 'கண்ணாடி' என்று பெயர். மூக்குக்கண்ணாடி போட்டவர் இல்லை. அவர் பாலீஷ் போட்ட அலமாரிக் கதவைப் பார்த்துத் தலை சீவலாம், அதனால் வந்த பெயர். அப்பா போன பிறகு மரக்கடையில் பலகை சுமந்து என்னை வளர்த்தவர் அவர். தான் மூன்றாம் வகுப்போடு நின்றாலும் என்னை ஐந்தாம் வகுப்பு வரைக்கும் தள்ளிவிட்டார். எனக்குப் பேரன் பிறந்த பிறகும் என்னைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிடுகிறார்.

வேலை தொடங்கும் முன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் ஏந்திக்கொண்டு, கண்ணை மூடி, ஆண்டவனிடம் ஏதோ சொல்லுவார். என்ன சொல்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன். "கறை விழாம பாத்துக்கோன்னு சொல்றேன், வேற என்ன," என்றார். அதை மரத்துக்குச் சொன்னாரா, தனக்குச் சொன்னாரா, நான் கேட்கவில்லை.

பாலீஷ் வேலைக்காரர்களுக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. ஸ்பிரிட்டைத் தொடுகிறவன் ஒரு நாள் அதைக் குடிக்கவும் செய்வான் என்று ஊரே நினைக்கும். அதில் கலந்திருக்கிற மருந்து கண்ணைக் குருடாக்கும், உயிரை எடுக்கும். அப்படியும் குடித்துச் செத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் அண்ணியின் அப்பா ஒரு குடிகாரர். அதனால் கல்யாணப் பேச்சு வந்தபோதே அண்ணி கறாராகச் சொல்லிவிட்டாள், குடிக்கிறவன் வேண்டாம் என்று. அண்ணன் குடித்ததே இல்லை. ஆனால் பட்டறையிலிருந்து எப்போது வந்தாலும் அவர் மேலே ஸ்பிரிட் வாடை அடிக்கும். சோப்புப் போட்டுத் தேய்ப்பார், சட்டையை மாற்றுவார், ஒன்றும் போகாது. புதுப்பெண்ணாக வந்த அண்ணி வாசலிலேயே நின்று முகர்ந்து பார்ப்பாளாம். கடைசியில் அண்ணன், "ஏம்மா, உன் மூக்கு சொல்றத நம்புறியா, நான் சொல்றத நம்புறியா?" என்று கேட்டாராம். அன்றைக்கு முகர்வதை விட்டவள்தான். தலை நரைக்கும் வரை அவர் சொல்லை நம்பித்தான் குடும்பம் நடத்தினாள்.

போன வருடம் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தது. ஆண்டவன் காப்பாற்றினான். அதற்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க என்று தினமும் ஒரு சின்ன மாத்திரை. அதைத் தொடங்கியதிலிருந்து லேசாகக் கை இடித்தால்கூட நீலமாகக் கன்றிவிடும். முழங்கையில் ஊதா, மறுவாரம் பச்சை, அப்புறம் மஞ்சள். பட்டறையின் தச்சு மேஸ்திரி, "யோவ் கண்ணாடி, உன் கையே ஒரு கலர் சார்ட் மாதிரி இருக்குய்யா. வாடிக்கையாளர்கிட்ட காட்டி எந்தக் கலர் வேணும்னு கேக்கலாம்," என்பார். மேஸ்திரியின் கை மட்டும் என்ன வாழ்ந்தது? சுத்தியல் தவறி அவர் கட்டைவிரலில் விழுந்து, நகத்துக்கு அடியில் ரத்தம் கட்டி, விரல் விண்விண்ணென்று தெறித்தது. கிளினிக்கில் நர்ஸம்மா நகத்தில் ஒரு சின்ன ஓட்டை போட்டு ரத்தத்தை வெளியே விட்டதும் அப்பாடா என்றாராம். அந்தக் கறுத்த நகத்தை மெடல் மாதிரி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு திரிந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சாப்பாட்டு மேஜை ஒன்று வந்தது. அண்ணன் அதன் அடியில் உட்கார்ந்து கால்களுக்குப் பாலீஷ் போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, டீ ஆறுது," என்று நான் கூப்பிட்டேன். மேஜைக்கு அடியில் இருக்கிறோம் என்பதையே மறந்து எழுந்துவிட்டார். நங்கென்று சத்தம். மேஸ்திரி ஓடிவந்து மேஜையைத் தடவிப் பார்த்து, "நல்ல வேளை, மேஜைக்கு ஒண்ணும் ஆகல," என்றார். எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தார். ரத்தம் வரவில்லை. சின்னதாக ஒரு வீக்கம், அதுவும் இரண்டொரு நாளில் வற்றிவிட்டது. அந்த மேஜையும் டெலிவரி போய்விட்டது. நாங்கள் அதை அப்படியே மறந்துபோனோம்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அண்ணன் தலை வலிக்கிறது என்றார். மதியம் சாப்பிட்டதும் பலகைக் கட்டின்மேல் சாய்ந்து தூங்கிவிடுவார். அதற்கு முன் பட்டறையில் அவர் தூங்கி நான் பார்த்ததில்லை. எழுப்பினால் எரிந்து விழுவார். பேச்சு வாய்க்குள் கொழகொழவென்று உருண்டது. நடக்கும்போது இடது கால் செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், அது தெரியாமல் அவர் முன்னால் போய்க்கொண்டிருப்பார். நான் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "காலங்காத்தாலயே கால்ல செருப்பு தங்க மாட்டேங்குது," என்று உதட்டைப் பிதுக்கினார். பாலீஷும் கெட்டது. கோடு கோடாக விழுந்தது. கலவை கெட்டியாகிப்போய் மரத்தைப் பிடித்து இழுத்தது. கெட்டியாவதால் அண்ணன் ஸ்பிரிட் ஊற்றி இளக்குவார், அது மறுபடி கெட்டியாகும், மறுபடி ஊற்றுவார். டப்பாவில் முதலாளி போட்ட கோட்டுக்குக் கீழே மட்டம் இறங்கிக்கொண்டே போனது.

வேறு இடமாக இருந்தால் வாயை ஊதச் சொல்லி முகர்ந்து பார்த்திருப்பார்கள். எங்கள் பட்டறையில் அதற்கு வழியில்லை. சுவர், துணி, டீ டம்ளர், முதலாளியின் பூனை, எல்லாமே ஸ்பிரிட் வாடைதான். அதனால் சந்தேகம் கண்ணுக்குப் போனது. அண்ணன் டப்பா பக்கம் குனிந்தால் மேஸ்திரியின் ரம்பம் நின்றுவிடும். முதலாளி கணக்குப் பார்க்கிற மாதிரி கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

எனக்குச் சந்தேகம் வேறு பக்கம் போனது. டெலிவரி வண்டி டிரைவர் ஒருவர் இருந்தார், புதியவர், யாரோடும் பேசமாட்டார். மதியத்தில் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு பாலீஷ் அறைப் பக்கமாகப் போவார். அந்தப் பாட்டிலில் என்ன இருக்கிறதோ என்று எனக்கு உறுத்தியது. ஒரு நாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். அறைக்குப் பின்னால் இருந்த செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "என்னக்கா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல, செடி நல்லாருக்கான்னு பாத்தேன்," என்றேன். அப்படியும் அவர் மேல் எனக்கு ஒரு கண் இருந்துகொண்டேதான் இருந்தது.

வீட்டில் அண்ணி அவரிடம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அண்ணன் குளிக்கப் போனதும் அவர் சட்டையை எடுத்து முகர்ந்தாள். நான் பார்த்ததைப் பார்த்துச் சட்டையைக் கீழே போட்டுவிட்டாள்.

"நீயாவது சொல்லு. கூடத்தான இருக்க. குடிக்கிறாரா?"

"இல்ல அண்ணி. நான் பாத்ததில்ல."

"பாத்ததில்லன்னா? குடிக்கலைன்னு சொல்ல மாட்டேங்கிறியே."

நான் கீழே கிடந்த சட்டையை எடுத்து மடித்தேன்.

"எங்கப்பாவும் இப்படித்தான் ஆரம்பிச்சாரு," என்றாள். "முதல்ல தலைவலிம்பாரு. அப்புறம் தூக்கம். அப்புறம் செருப்பு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். இதெல்லாம் நான் சின்ன வயசுலயே பாத்து முடிச்சிட்டேன். இன்னொரு தடவ பாக்க என்கிட்ட தெம்பு இல்ல. உங்கண்ணன் குடிக்கிறாருன்னு மட்டும் தெரிஞ்சுது, நான் மக வீட்டுக்குப் போயிடுவேன். போனா வரமாட்டேன்."

அவள் சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து என் பிரார்த்தனையெல்லாம் இது ஒன்றுதான். ஆண்டவனே, இந்த வீடு உடையாமல் பார்த்துக்கொள்.

கடைசியில் ஒரு கட்டில் தலைமாட்டில் பெரிய கறை விழுந்தது. வாங்க வந்தவர்கள் முகம் சுளித்துப் போய்விட்டார்கள். முதலாளி அண்ணிக்குப் போன் போட்டு வரச் சொன்னார். மனிதர் கெட்டவர் இல்லை. அண்ணனைவிட வயதில் சின்னவர், அவருடைய அப்பா காலத்திலிருந்தே அண்ணன் அங்கே இருக்கிறார். நேராகத் துரத்த அவருக்கு வாய் வரவில்லை.

அண்ணி வந்து பாலீஷ் அறை வாசலில் நின்றாள். முதலாளி டப்பாவைக் காட்டினார், கோட்டைக் காட்டினார். "கண்ணாடி அண்ணே, நான் உங்கள ஒண்ணும் சொல்லல. இது எங்க போகுதுன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்க உயிருக்காகத்தான் கேக்கிறேன். இதக் குடிச்சா ஆளே காலி."

"நா குழிக்கல முதலாளி," என்றார் அண்ணன். அந்த வார்த்தையே அவர் வாயில் சரியாக வரவில்லை.

மேஸ்திரி கையை விரித்தார். "இதுக்கு மேல என்ன வேணும்? கேட்டீங்கல்ல?"

அண்ணி இரண்டடி உள்ளே வந்தாள். "என்னங்க, அன்னைக்கு ஒரு வார்த்த கேட்டீங்க. மூக்க நம்புறியா, என்னை நம்புறியான்னு. இன்னைக்கும் நான் உங்களத்தான் நம்புறேன். நீங்க சாமி கும்பிடுற மாதிரி ரெண்டு கையையும் ஏந்தி, ஆண்டவன் மேல சத்தியம் பண்ணுங்க. அப்புறம் எவன் என்ன சொன்னாலும் எனக்குக் கவல இல்ல."

அண்ணன் உடனே எழுந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் ஏந்தினார். கண்ணை மூடினார். "ஆண்டவன் மேல சத்தியமா," என்று ஆரம்பித்தார்.

இடது கை இறங்கத் தொடங்கியது.

முதலில் விரல்கள் மடங்கின. உள்ளங்கை மெல்லக் கவிழ்ந்தது. யாரோ பிடித்துக் கீழே இழுப்பதுபோல் கை தாழ்ந்து தாழ்ந்து தொடையோடு ஒட்டிக்கொண்டது. வலது கை மட்டும் ஏந்தியபடி நின்றது. மேஸ்திரி தாழ்ந்த குரலில், "பொய் சத்தியம். ஆண்டவனே கையைத் தட்டிவிட்டுட்டான்," என்றார். முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். அந்த இடத்தில் நின்ற யாருக்கும் வேறு விதமாக நினைக்கத் தோன்றவில்லை.

அண்ணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள். கேட் வரைக்கும் போய்விட்டாள்.

அண்ணன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. "போதுமா? கைய எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

அண்ணி நின்றாள். "எந்தக் கைய?"

"ரெண்டையும்தான். வலிக்குதும்மா, எவ்வளவு நேரம் ஏந்திட்டு நிப்பேன்?"

அவள் திரும்பி வந்த வேகத்தை நான் மறக்கவே மாட்டேன். அவருடைய இடது கையைப் பிடித்துத் தூக்கினாள். விட்டாள். அது துணிபோல் விழுந்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி விழுந்தது. அண்ணன் கண்ணைத் திறந்து, யாருடைய கையோ கிடக்கிறது என்பதுபோல் பார்த்தார்.

"பொய் சத்தியம் பண்றவனுக்குக் கை இறங்குதுன்னே வச்சுக்குவோம்," என்றாள் மேஸ்திரியைப் பார்த்து. "இறங்கினது அவனுக்கே தெரியாமலா இருக்கும்? எங்கப்பா எவ்வளவு குடிச்சாலும் தன் கை எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும். அந்தக் கையாலதான எங்கள அடிச்சாரு. இது குடி இல்ல. வண்டிய எடுங்க யாராவது!"

வண்டியை எடுத்தது நான் சந்தேகப்பட்ட அந்த டிரைவர்தான். அண்ணனைக் குழந்தைபோல் தூக்கி உட்கார வைத்து, ஒரு குலுக்கல் இல்லாமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. அண்ணனைப் பார்த்ததும் அவர் முதலில் சொன்னது: "ரெண்டு கையையும் இப்படி ஏந்திட்டு கண்ண மூடுங்க ஐயா." நானும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அதே மாதிரி கை இறங்கியது. டாக்டரம்மா சத்தியம் எதுவும் கேட்கவில்லை.

"தலைல அடி பட்டுச்சா?"

"இல்லைங்க," என்றாள் அண்ணி.

எனக்கு அப்போதுதான் அந்த நங்கென்ற சத்தம் காதில் கேட்டது. "பட்டுச்சுங்க. மேஜைல இடிச்சாரு. ஆனா அது ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ரத்தம்கூட வரல."

"வெளிய வரல," என்றார் டாக்டரம்மா. "உள்ள வந்திருக்கும்."

தலையைப் படம் எடுத்தார்கள். மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவில், வலது பக்கம், ரத்தம் பிறைபோல் தேங்கி மூளையை அழுத்திக்கொண்டிருந்தது. வலது பக்கம் அழுத்தினால் இடது கை கால் தளருமாம். இதற்குள் முதலாளியும் மேஸ்திரியும் வந்துவிட்டார்கள். டாக்டரம்மா எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். ரத்தக் குழாய் கிழிந்து ரத்தம் வெளியே போக வழியில்லாமல் தேங்கினால் அதுதான் ரத்தக்கட்டு. தோலுக்கு அடியில் தேங்கினால் நீலமாகத் தெரியும். துணியில் சுற்றி ஐஸ் வைத்து ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். சதைக்குள் ஆழமாகத் தேங்கினால் வீங்கும், வலிக்கும். எண்ணெய் போட்டு அழுத்தித் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் இன்னும் கசியும்.

"நகத்துக்கு அடியில?" என்று மேஸ்திரி ஓட்டை போட்ட நகத்தை நீட்டினார்.

"அதுவும்தான். உங்களுக்கு ஓட்டை போட்டு எடுத்தாங்கல்ல? இவருக்கும் கிட்டத்தட்ட அதையேதான் செய்யப்போறோம், தலைல."

மண்டைக்குள் தேங்குவதிலும் வகை உண்டாம். பெரிய விபத்தில் சில மணி நேரத்திலேயே ரத்தம் நிரம்பி ஆளைச் சாய்த்துவிடும். இன்னொன்று வயதானவர்களுக்கு வருவது. லேசான இடியில் மெல்லிய குழாய் கிழிந்து, வாரக்கணக்கில் சொட்டுச் சொட்டாகச் சேரும். ரத்தம் உறையாத மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சுலபமாகச் சேரும். தலைவலி, தூக்கம், குழறல், தடுமாற்றம். "நிறைய பேர் இத குடின்னோ மறதின்னோ நினைச்சுக்குவாங்க," என்றார். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

சின்னதாக இருந்தால் அடிக்கடி படம் எடுத்துப் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவார்களாம். இது பெரியது. விட்டால் உயிருக்கு ஆபத்து. மாத்திரையை நிறுத்தி, ரத்தம் உறைய மருந்து கொடுத்து, மண்டையில் சின்ன ஓட்டை போட்டு, தேங்கியதைக் கழுவி எடுக்க வேண்டும்.

"ஓட்டைன்னா, டிரில் மெஷின்லயா?" என்றார் மேஸ்திரி. "எத்தனை எம்எம்?"

"ஐயா, நீங்க வெளிய உக்காருங்க," என்றார் டாக்டரம்மா.

அண்ணி கையெழுத்துப் போடும் முன் டாக்டரம்மாவைக் கூர்ந்து பார்த்தாள். எதையும் உடனே நம்புகிற பழக்கம் அவளுக்கு அன்றோடு போய்விட்டது. "உள்ள போனவரு எனக்கு அப்படியே திரும்பக் கிடைப்பாரா?" என்று கேட்டாள். "முழுசா உறுதி சொல்ல முடியாதும்மா. ஆனா நிறைய பேர் நல்லாயிருக்காங்க," என்றார் அவர். அந்தப் பதில்தான் அண்ணியை நம்ப வைத்தது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டாள்.

காத்திருந்தபோது முதலாளி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, நீங்க எல்லாம் போனதும் அந்த டப்பாவ எடுத்து வைக்கலாம்னு மூடியப் பிடிச்சுத் தூக்கினேன். மூடி மட்டும் கையோட வந்துச்சு. திருகவே இல்ல, சும்மா மேல வச்சிருக்கு."

கேட்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அண்ணனின் வலது கையில் எப்போதும் பாலீஷ் நனைந்த பஞ்சுப் பந்து இருக்கும். பிசுக்குக் கையால் மூடியைத் தொடமாட்டார். மூடியைத் திருகுவது எந்நாளும் இடது கைதான். அந்தக் கை தளர்ந்ததிலிருந்து மூடி இறுகவே இல்லை. தகரக் கூரைக்கு அடியில், அந்த வெயிலில், ஸ்பிரிட் ஆவியாகிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. கலவைப் பாத்திரத்துக்கும் அதே கதிதான், அதனால்தான் பாலீஷ் கெட்டியானது. நாங்கள் எல்லோரும் திருடனைத் தேடினோம். காற்று எங்கள் கண் முன்னாலேயே குடித்துக்கொண்டிருந்தது.

தலைக்குள்ளிருந்து வந்தது பழைய என்ஜின் ஆயில் மாதிரி இருந்ததாம். மிச்சம் வடிய ஒரு குழாய் வைத்து, இரண்டொரு நாளில் எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பாப்பா, என் செருப்பு ரெண்டும் இருக்கா?" என்பதுதான். வார்த்தை ஒவ்வொன்றும் பளிச்சென்று வந்தது. அண்ணி அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு ஆண்டவனுக்கு நன்றி சொன்னாள். அவர் திருப்பி இறுக்கியதில், "விடுங்க, வளையல் உடையுது," என்று கத்தினாள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் முதலாளி டப்பாவின் கறுப்புக் கோட்டை ஸ்பிரிட் துணியால் துடைக்கப் போனார். அண்ணன் தடுத்தார். "இருக்கட்டும் முதலாளி. அந்தக் கோடு என் மேல சந்தேகப்பட்டுச்சு. ஆனா ஏதோ சரியில்லன்னு முதல்ல சொன்னதும் அதுதான்." பிறகு மூடியை இடது கையால் திருகினார். மேஸ்திரி இரண்டு கையாலும் முக்கிப் பார்த்தும் திறக்க முடியவில்லை.

திரும்பவும் தேங்க வாய்ப்பு உண்டு, கவனமாக இருங்கள் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். நெஞ்சு மாத்திரையை எப்போது மறுபடி தொடங்குவது என்பதையும் டாக்டர்கள்தான் கலந்து சொல்ல வேண்டும் என்றார். அதனால் தினமும் காலையில் அண்ணி வாசலில் வழிமறித்து நிற்கிறாள். ஒரு காலத்தில் முகர்ந்த அதே இடம். அண்ணன் இரண்டு கைகளையும் ஏந்தி, கண்ணை மூட வேண்டும். அவள் கண் கொட்டாமல் இடது கையையே பார்ப்பாள். கை அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் சாப்பாட்டு டப்பா அவர் கைக்குப் போகும்.

"நான் என்ன தப்பு பண்ணினேன்னு தினமும் சத்தியம் வாங்குற?" என்று அண்ணன் அலுத்துக்கொண்டார். ஒரு நாள் வேண்டுமென்றே இடது கையை மெல்ல இறக்கினார். சாப்பாட்டு டப்பா தரையில் விழுந்து வாசலெல்லாம் சோறு. அவர் கண்ணைத் திறந்தபோது அண்ணி முகம் வெளுத்து, அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் விளையாடுவதில்லை. அவள் போதும் என்று சொல்லும் வரை ஏந்திக்கொண்டு நிற்கிறார்.